என் புத்தகத்தை உனக்கு ஏன் தரவில்லை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்குக் கிளம்பும்போது அலமாரியில் இருந்த என் லினக்ஸ் புத்தகத்தை எடுத்து உன் பையில் வைத்தாய். நான் அதை வெளியே எடுத்துத் திரும்ப அலமாரியிலேயே வைத்தேன். "நீதான் படிச்சு பாஸ் பண்ணிட்டியேம்மா, எனக்குக் குடுத்தா என்னா?" என்று கேட்டாய். "அது வேணாம் சாமி, வேற வாங்கிக்கலாம்" என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை மூடினாய். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. உங்கப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டே, "பையன் ஆசையா ஒரு பழைய புக்கைக் கேட்டான். அதுக்குப் போயி இல்லைன்னுட்டியே" என்றார். புதன்கிழமை நீ ஐந்து புத்தகங்களின் படத்தை அனுப்பி, கீழே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாய்: "எது?" அந்த ஒற்றைச் சொல்லிலும் கோபம் இருந்தது. எனக்குத் தெரியும்.

போனில் சொன்னால் நீ "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன். சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு அறைக்குப் போய் இதே லினக்ஸ் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நம் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்தக் கடிதம் கிடைத்தாலும் நல்லதுதான். நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், எனக்கு இதில் மறைக்க எதுவும் இல்லை. உன் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காகக் கடைசி வரை நீ காத்திருக்க வேண்டாம். நீ அனுப்பிய படத்தில் மூன்றாவதாக இருக்கிற புத்தகம்தான் சரி. ஏன் அது, ஏன் என்னுடையது இல்லை என்பதற்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

நீ அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் எங்கள் தொழிற்சாலையில் சர்வர் அறையில் உதவியாளர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு அசெம்பிளி லைனில் சேர்ந்தவள், அங்கிருந்து ஸ்டோர்ஸ், ஸ்டோர்ஸிலிருந்து கம்ப்யூட்டர் அறை என்று மெல்ல மெல்ல நகர்ந்து வந்திருந்தேன். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, சர்வர் வேலையில் பெரும்பகுதி பெங்களூர் ஆபீசுக்குப் போகிறது, ஓசூரில் ஒரு சிறிய குழு மட்டும் இருக்கும், சர்வர்களை ஓட்டுகிற லினக்ஸ் என்கிற மென்பொருளின் நிர்வாகத் தேர்வில் சான்றிதழ் வாங்கியவர்களைத்தான் அந்தக் குழுவில் எடுப்பார்கள் என்று சொன்னார். மற்றவர்கள் பழையபடி லைனுக்குப் போக வேண்டும். உங்கப்பாவுக்கோ கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலை. வருஷம் முழுக்க வருகிற சம்பளம் என்னுடையதுதான். அதைவிட, அந்த அறையை விட்டுப் போக எனக்கு மனசில்லை. ஏசி குளிரிலும் அந்த மெஷின்களின் இரைச்சலிலும் நான் சந்தோஷமாக இருந்தேன். நின்றுபோன ஒன்றை என்னவென்று பார்த்து மறுபடி ஓட வைக்கிற வேலை எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் அறையில் பிரகாஷ் என்று ஒருவர் இருந்தார். அந்தத் தேர்வில் முதல் தடவையே பாஸ் பண்ணியவர். கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போகும்போது தன் புத்தகத்தை என் மேஜையில் வைத்தார். "மேடம், இதை மட்டும் படிங்க, போதும். வேற எதையும் தொடாதீங்க" என்றார். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் குறிப்பு. எது முக்கியம், எங்கே தவறு வரும், எந்தக் கட்டளையில் ஒரு எழுத்து விட்டாலும் என்ன ஆகும் என்று அத்தனையும் ஓரத்தில் எழுதியிருந்தார். ஒருவர் ஜெயித்த புத்தகம், அவர் கையாலேயே எழுதிய குறிப்புகளோடு கிடைத்தால் வேறு என்ன வேண்டும்? எனக்கு இங்கிலீஷ் தடவித் தடவித்தான் வரும். அச்சில் இருந்ததைவிட அவருடைய பென்சில் எழுத்துதான் எனக்குச் சீக்கிரம் புரிந்தது. நாலைந்து மாதம் அந்தப் புத்தகத்தோடுதான் இருந்தேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் உன் அறிவியல் புத்தகம், மறு பக்கம் இது. தக்காளிச் சாதத்தைத் தவிர வேறெதையும் நான் சமைக்காத காலம் அது. நீ அதை இப்போதும் சொல்லிக் காட்டுகிறாய்.

இந்தத் தேர்வு எப்படி என்பது உனக்குத் தெரியும், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிற பரீட்சை இல்லை இது. ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, இதைச் செய், அதைச் செய் என்று வேலை கொடுப்பார்கள். புத்தகம் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. கடைசியில் மெஷினை அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். நீ செய்தது அப்போதும் நின்றால்தான் மதிப்பெண்.

பெங்களூரில் தேர்வு மையம். நான் உட்கார்ந்த மெஷினுக்குள் நுழைய ரூட் கடவுச்சொல்லை, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள தலைமைப் பயனரின் கடவுச்சொல்லை, சொல்லவில்லை. அதை மாற்றிவிட்டு உள்ளே போவதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் அந்த மெஷினில் மற்ற எதையும் தொட முடியாது. எனக்குச் சிரிப்பே வந்தது. பிரகாஷ் அந்தப் பக்கத்தில் பெரிதாக நட்சத்திரம் போட்டிருந்தார். மெஷின் எழும்பும்போது நிறுத்தி, திரையில் வருகிற தொடக்கக் கட்டளை வரியின் கடைசியில் ஒன்று என்று போட்டால், பழுது பார்ப்பதற்கான ஒற்றை ஆள் நிலைக்குப் போகும், கடவுச்சொல் கேட்காது, அங்கே புதிதாக வைத்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அப்படியே செய்தேன். திரையில் ஒரு வரி வந்தது. பராமரிப்பு வேலைக்கு ரூட் கடவுச்சொல்லைக் கொடு என்று கேட்டது.

எதை மாற்ற வந்தேனோ அதையே என்னிடம் கேட்டது. நான் தட்டச்சில் தப்பு விட்டிருப்பேன் என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடியும் அதே வரி. வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். அதே வரி. பக்கத்தில் கீபோர்டு சத்தம் மளமளவென்று கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வேலைகள் அத்தனையும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தன. பயனர்களைச் சேர்க்கத் தெரியும், டிஸ்க்கைப் பிரிக்கத் தெரியும், நெட்வொர்க் அமைக்கத் தெரியும். ஒன்றையும் காட்ட முடியவில்லை. நேரம் முடிந்ததும் கண்காணிப்பாளர் வந்து, "ஆச்சாம்மா?" என்று கேட்டார். நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அத்திப்பள்ளி தாண்டும் வரை பஸ்ஸில் எனக்கு அழுகைகூட வரவில்லை. என்ன தப்பு செய்தேன் என்பதே எனக்குப் புரியாமல் இருந்தது.

அன்று சாயங்காலம் பிரகாஷிடம் போனில் சொன்னேன். எந்த இடத்தில் நின்றேன் என்று கேட்டார். பிறகு, "ஐயோ மேடம், பரீட்சையில வெர்ஷன் மாறிடுச்சா?" என்றார். மாறியிருந்தது. அவர் எழுதிய பிறகு லினக்ஸின் அடுத்த பெரிய பதிப்பு வந்து, தேர்வும் அதற்கு மாறிவிட்டது. மெஷின் எழும்பும் முறையையே புதிதாக்கியிருந்தார்கள். அவர் புத்தகத்தில் இருந்தது பொய் இல்லை. அவர் எழுதிய நாளில் அது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் தொழிற்சாலையிலும் பழைய பதிப்புதான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் பழகிப் பார்த்தபோதெல்லாம் சரியாகவே வந்தது. அவர் நல்ல மனசோடுதான் கொடுத்தார், நானும் உழைத்துத்தான் படித்தேன். அப்படியும் அட்டையில் இருந்த ஒரு பதிப்பு எண்ணை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் புத்தகத்தைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கப்பா நம் இருவரையும் கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப்போனார், ஞாபகம் இருக்கிறதா? மதகுப் பக்கம் நுரை பொங்கிக்கொண்டிருந்தது, நீ போட்டோ எடுக்கப் போய்விட்டாய். நான் அவரிடம், "இந்த வயசுல எனக்கு இது ஏறாதுங்க. லைனுக்கே போயிடறேன்" என்றேன். அவர் கோபப்பட்டார். அவர் கோபப்படுவது அபூர்வம். "உனக்கு ஏறலைன்னு எவன் சொன்னான்? நீ படிச்சதெல்லாம் உனக்கு ஏறித்தான் இருக்குது. படிச்ச புக்குதான் தப்பு. ரெண்டும் ஒண்ணா? புக்கை மாத்து. அதை விட்டுட்டு வயசு மேல என்னாத்துக்குப் பழி போடற?" என்றார். லினக்ஸ் என்றால் என்னவென்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டிய வார்த்தை அதுதான். மறுநாள் மேனேஜரிடம் போய் இன்னும் ஒரு வாய்ப்பு கேட்டேன். குழுவை முடிவு செய்வதற்குள் எழுதிவிட்டால் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார்.

மஞ்சுளா ஆன்ட்டி என்னோடு சேர்ந்தது அப்போதுதான். அத்திப்பள்ளியில் வீடு, தினமும் கர்நாடக எல்லை தாண்டி எங்கள் தொழிற்சாலைக்கு வேலைக்கு வருகிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளும் அதே தேர்வை எழுத வேண்டும். இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை, புத்தகக் கடைகள் இருக்கிற பெங்களூர் அவென்யூ ரோடு போனோம். இந்தத் தடவை கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு காரியம் செய்தோம். தேர்வு நடத்துகிறவர்களே தங்கள் தளத்தில், எந்தப் பதிப்பில் தேர்வு, என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள். அதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டோம். கடைக்காரர் அடுக்கடுக்காக எடுத்துப் போட்டார். முதலில் அட்டையில் பதிப்பு எண். பொருந்தாததை அங்கேயே திருப்பிக் கொடுத்தோம், பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. பிறகு பொருளடக்கத்தை எங்கள் தாளோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். அப்படியும் இரண்டு புத்தகம் மிஞ்சியது.

அந்த இரண்டில் மெல்லியதை நான் பிடித்துக்கொண்டேன். படிக்கச் சுலபம் என்று நினைத்தேன். மஞ்சுளா இரண்டிலும் அந்தக் கடவுச்சொல் பக்கத்தைப் பிரித்து வைத்துப் பார்த்தாள். "அக்கா, இது பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லி என் கையில் இருந்ததைத் தள்ளினாள். "இதுல பரீ, வெறும் கமாண்டுதான் இருக்குது. அடிச்சா ஸ்கிரீன்ல என்னா வரும், தப்பாப் போனா என்னா பண்ணணும், ஒரு லைன்கூட இல்ல. அதைப் பாரு, ஒவ்வொண்ணுக்கும் எழுதியிருக்கான்" என்றாள். அவள் காட்டிய புத்தகம் தடியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் செய்து பார்க்கப் பயிற்சி இருந்தது. மெஷினுக்குள்ளேயே இருக்கிற உதவிப் பக்கங்களில் எதை எப்படித் தேடுவது என்று ஒரு முழுப் பாடம் இருந்தது. தேர்வு அறையில் எந்தப் புத்தகமும் இல்லாதபோது அந்த உதவிப் பக்கம் ஒன்றுதான் துணை. அதையே வாங்கினோம். நீ உன் பையில் வைத்தாயே, அந்தப் புத்தகம்.

இப்போது நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். முதலாவது, "இதைப் படித்தால் தேர்ச்சி உறுதி" என்று அட்டையிலேயே போட்டிருக்கிறதே, கேள்வியும் பதிலுமாக இருக்கிற அது, அதைத் தொடவே தொடாதே. தேர்வில் கேட்டதை வெளியே எடுத்து விற்பது ஒப்பந்தப்படி குற்றம், பிடிபட்டால் சான்றிதழே போகும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், அதை மனப்பாடம் செய்தவனிடம் கேள்வியில் ஒரு எண்ணை மாற்றிக் கேட்டால் நின்றுவிடுவான். இரண்டாவது பெரிய புத்தகம் ரொம்ப நல்லது, ஆனால் இந்தத் தேர்வுக்காக எழுதியது இல்லை. வேலையில் அமர்ந்த பிறகு வாங்கு, ஆயுசு முழுக்க உதவும். நான்காவதில் பதிப்பு எண் பழசு, விலை குறைவு என்பதற்காகப் பார்க்காதே. ஐந்தாவது புத்தகமே இல்லை, வீடியோ பாடம். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், கையை வைத்தால்தான் தெரியும். மூன்றாவதில் பதிப்பு எண் சரி. உள்ளே சில பக்கங்களை இணையத்தில் காட்டுகிறார்கள், நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். செய்தால் என்ன வரும், வராவிட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதியவர் சொல்லியிருக்கிறார். இங்கிலீஷும் நேரான இங்கிலீஷ். "நமக்கு இங்கிலீஷ் வராதும்மா" என்று நீ சொல்வதை இனிமேல் நான் கேட்கமாட்டேன். வேப்பனப்பள்ளியில் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்ந்து, கன்னடத்தில் சந்தேகம் கேட்டு, இங்கிலீஷ் புத்தகம் படித்தவள் நான். உனக்கு என்ன குறைச்சல்?

ஒன்று மட்டும் போதும். நாலு புத்தகம் வாங்கி அடுக்கினால் நாலிலும் முதல் பாடத்தைத்தான் படிப்பாய். அந்த ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் லேப்டாப்பும் திறந்திருக்க வேண்டும். அதற்குள்ளேயே மென்பொருள் வழியாக இரண்டு பயிற்சி மெஷின் உண்டாக்கிக்கொள். துணிந்து உடை, பிறகு சரி பண்ணு. மஞ்சுளாவும் நானும் சாப்பாட்டு இடைவேளையில் அதைத்தான் செய்தோம். அவள் என் பயிற்சி மெஷினை ஏதாவது செய்து கெடுத்து வைப்பாள், நான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு நான் அவளுடையதை. "ஏனக்கா, இவ்ளோ கெடுத்து வெச்சிருக்கே!" என்று அவள் கத்தினால் கேன்டீனே திரும்பிப் பார்க்கும்.

இரண்டாம் தடவை அதே மையம், வேறு நாற்காலி, மஞ்சுளாவும் அன்றைக்கே எழுதினாள். முதல் வேலை அதேதான். மெஷின் எழும்பும்போது நிறுத்தினேன், அந்த வரியில் புதிய முறைப்படி எழுதினேன். கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விட்டது. மாற்றினேன். கோப்புகளுக்கெல்லாம் பாதுகாப்பு முத்திரையைப் புதிதாகப் போடச் சொல்லும் அந்தச் சின்னக் கோப்பையும் மறக்காமல் உண்டாக்கிவிட்டு மெஷினை மறுபடி எழுப்பினேன். எழும்பவில்லை. திரையில் புள்ளி புள்ளியாக ஏதோ ஓடியது, பிறகு அப்படியே நின்ற மாதிரி இருந்தது. என் விரல் அணைக்கிற பொத்தானுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில்தான் புத்தகத்தின் ஒரு வரி ஞாபகம் வந்தது. "இங்கே நேரமாகும். மெஷின் நின்றுவிட்டதாகத் தோன்றும். கை வைக்காதே." நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு நீளமான நேரத்தை நான் பிரசவ அறையில்கூடப் பார்த்ததில்லை. பிறகு திரை ஒருமுறை இருண்டு, பயனர் பெயரைக் கேட்டு நின்றது. ரூட் என்று எழுதி, நான் வைத்த கடவுச்சொல்லைக் கொடுத்தேன். உள்ளே போய்விட்டேன். மீதி வேலையெல்லாம் எனக்கு விளையாட்டு மாதிரி இருந்தது.

முடிவு மறுநாள் கேன்டீனில் இருக்கும்போது மெயிலில் வந்தது. மஞ்சுளா தன்னுடையதைத் திறக்காமல் முதலில் என்னுடையதைத் திறந்து படித்தாள். சாப்பிட்ட கையைக் கழுவாமலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், என் சேலையெல்லாம் சாம்பார். அவளும் பாஸ், என்னைவிடக் கூடுதல் மதிப்பெண். அந்தச் சிறிய குழுவில் இன்றைக்கும் நாங்கள் இருவரும்தான் இருக்கிறோம்.

அந்தப் புத்தகத்தை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் அதைக் கேட்டாய். அம்மா ஜெயித்த புத்தகம், அதில் அம்மா எழுத்து இருக்கும் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் பிரகாஷின் புத்தகத்தை நினைத்தேன். என் புத்தகம் வந்த பிறகு லினக்ஸ் எத்தனையோ மாறிவிட்டது. அதில் நான் அடிக்கோடு போட்ட வரிகளில் எது இன்றைக்கும் நிற்கும், எது நிற்காது என்று உனக்குத் தெரியாது. என் மேல் இருக்கிற பாசத்தில் நீ அத்தனையையும் நம்புவாய். உன் கம்பெனி ஆறு மாதத்துக்குள் தேர்வை முடித்தால்தான் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறது. அந்த அறையில் பழைய வரி ஒன்றோடு நீ தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் பையிலிருந்து எடுத்தேன். நீ நிச்சயம் பாஸ் பண்ணுவாய். உன் கை வேகம் எனக்குக் கிடையாது, உன் பிடிவாதம் மட்டும் என்னுடையது.

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். இந்தச் சான்றிதழ் சில வருஷம்தான் செல்லும். என்னுடையது எப்போதோ காலாவதி. யாரும் கேட்கவில்லை, நானும் சும்மா இருந்துவிட்டேன். இப்போது எங்கள் தொழிற்சாலையும் புதிய பதிப்புக்கு மாறுகிறது, மஞ்சுளாவும் நானும் மறுபடி எழுதுவதாகப் பெயர் கொடுத்துவிட்டோம். நேற்று அந்த மூன்றாவது புத்தகத்தை ஆர்டர் போட்டேன். இரண்டு பிரதி. ஒன்று உன் சென்னை அறைக்கு வரும், ஒன்று இங்கே வரும். அதில் கன்டெய்னர் என்று ஒரு பாடம், என் காலத்தில் இல்லாதது. இணையத்தில் காட்டிய பக்கங்களை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. உனக்கு முதலில் புரிந்துவிட்டால் கோபத்தை விட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

அம்மா